மூன்றாவது ஆளின் தோள்

போன் நான்காவது தடவையாக அடித்தது.

பஞ்சு நிமிரவில்லை. பழைய ஓவியங்களுக்கு அழுக்கெடுத்துப் பழுது பார்ப்பது அவள் தொழில். பஞ்சு சுற்றிய குச்சியோடு உட்கார்ந்துவிட்டால் வீடே பற்றி எரிந்தாலும் தெரியாது. அந்தப் பட்டப்பெயரை வைத்ததே அவளுடைய அண்ணன்தான்.

ஐந்தாவது தடவை எடுத்தாள்.

"மியூசியத்துல வாட்ச்மேனா இருந்தவர் உங்க அண்ணனாம்மா?"

"இருந்தவர்னா..."

"இன்ஸ்பெக்டர் பேசறேன். கொஞ்சம் கிளம்பி வாங்க."

போனை வைக்கும்போதுதான் பார்த்தாள். காலை ஏழு ஐம்பதுக்கு அண்ணனிடமிருந்து இரண்டு அழைப்புகள். கீழே ஒரு குரல் பதிவு.

குச்சியைக் குப்பையில் போட்டாள். மருந்துப் புட்டியின் மூடியை இறுக்கினாள். இறுக்கியாயிற்றா என்று மறுபடியும் பார்த்தாள்.

அழுகை வரவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

*

மியூசியத்தின் பின்பக்க மாடிப்படி. கடைசிப் படிக்குக் கீழே வெள்ளைத்துணி போர்த்திய உடம்பு. துணிக்கு வெளியே ஒரு ஷூ. அதன் லேஸ் இரட்டை முடிச்சாக இருந்தது. அண்ணனின் முடிச்சு.

முப்பது வருடம் ரயில்பாதையில் வேலை பார்த்தவர். தண்டவாளம் மாற்றுகிற கேங்குக்கு மேஸ்திரி. ரிட்டயர் ஆகி இங்கே காவலுக்கு வந்த பிறகும் 'மேஸ்திரி' என்ற பெயர் அவரை விடவில்லை.

"கழுத்து முறிஞ்சிருக்கு" என்றார் இன்ஸ்பெக்டர். "மேல இருந்து விழுந்திருக்கார். எட்டு மணி வாக்குல இருக்கும்."

"சரி" என்றாள் பஞ்சு.

அவளுடைய வாயே அதைச் சொன்னது. எது சரி?

"ஒரு விஷயம் கஷ்டமா இருக்கும்மா." இன்ஸ்பெக்டர் பக்கத்தில் நின்றவரைக் காட்டினார். "சாரே சொல்லட்டும்."

மியூசியத்தின் காப்பாட்சியர். மடிப்புக் கலையாத சட்டை. கலங்கிய குரல்.

"வாய் வரமாட்டேங்குது. ஒன்பது மணிக்கு வந்தேன். ஹால்ல 'முதல் தண்டவாளம்' படத்தைப் பார்த்ததும் பகீர்னுச்சு. அது அசல் இல்ல. நீங்க வரைஞ்சு குடுத்த நகல்! அசலைக் காணோம். சாவி ரெண்டு பேர்கிட்டதான் இருக்கு. ஒண்ணு என்கிட்ட. இன்னொண்ணு..."

வெள்ளைத்துணியைப் பார்த்தார்.

"எங்க அண்ணன் திருடலை."

"நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்மா."

'முதல் தண்டவாளம்' அந்த மியூசியத்தின் உயிர்நாடி. அந்தப் பகுதியில் முதன்முதலாக ரயில்பாதை போட்டபோது, வேலை நடந்த இடத்திலேயே நின்று ஒருவர் தீட்டிய ஓவியம். காடு வெட்டிய மண்மேடு, புழுதி, ஒரே தண்டவாளத்தைத் தோளில் சுமந்து நடக்கும் பன்னிரண்டு ஆட்கள். அதைப் பழுது பார்க்கத்தான் ஆறு மாதமாகப் பஞ்சுவிடம் கொடுத்திருந்தார்கள். கூடவே அச்சு அசலாக ஒரு நகலும் வரைந்து தரச் சொன்னார் காப்பாட்சியர். போன திங்கட்கிழமை இரண்டும் அவர் கைக்கே வந்து சேர்ந்தன.

இன்ஸ்பெக்டர் செத்தவரின் போனை எடுத்து அந்தக் குரல் பதிவை ஓடவிட்டார்.

"பஞ்சு, போனை எடு புள்ள. படத்தை மாத்திட்டாங்க. மூணாவது ஆளு தோள் மாத்திட்டான். நான் போயி நேராவே கேட்டுடறேன்."

அண்ணனின் குரல். மூச்சு வாங்குகிறது. படியேறுகிறார் போலிருக்கிறது.

"யாரும்மா அந்த மூணாவது ஆளு?" இன்ஸ்பெக்டர் நோட்டைத் திறந்தார். "மூணாவது ஆளு இருந்தா முதல் ரெண்டு பேரு யாரு? பங்கு பிரிக்கறதுல தகராறா?"

"வாங்க, காட்டறேன்" என்றாள்.

*

ஹாலில் படம் ஒரு சுவர் முழுக்கத் தொங்கியது.

பஞ்சு கையை நீட்டினாள். முன்னாலிருந்து மூன்றாவதாக நடக்கும் ஆள்.

"இவன்தான் சார்."

இன்ஸ்பெக்டர் எழுதப்போன பேனாவை நிறுத்தினார்.

"விளையாடறீங்களா?"

"தண்டவாளத்தைத் தூக்கறப்ப கேங்ல எல்லாரும் ஒரே தோள்லதான் வைக்கணும். மேஸ்திரி குரல் குடுத்ததும் ஒரே பக்கமா தள்ளுவாங்க. ஒருத்தன் மட்டும் மறுதோள்ல வச்சிருந்தான்னா, தண்டவாளம் அவன் மேலதான் விழும். எங்கண்ணன் கேங்ல இதைத்தான் முதல் நாளே சொல்லிக்குடுப்பாரு."

"சரி, அதனால?"

"பழைய படத்துல பதினோரு பேருக்கும் வலது தோள். மூணாவது ஆளுக்கு மட்டும் இடது. எங்கண்ணன் தினமும் அதைப் பார்த்துத் திட்டுவார். 'அடுத்த நிமிஷம் செத்தான் இவன். யாராச்சும் தோள் மாத்தச் சொல்லுங்கப்பா'ன்னு பார்க்க வர்றவங்ககிட்டல்லாம் புலம்புவார்."

இன்ஸ்பெக்டர் படத்தைப் பார்த்தார். பன்னிரண்டு பேருக்கும் வலது தோள்.

"நான் சொல்லலை?" காப்பாட்சியர் கேட்டலாக்கை விரித்தார். "அசலோட போட்டோ பாருங்க. மூணாவது ஆளுக்கு இடது தோள். சுவர்ல இருக்கறது நகல்தான். இந்தம்மா வரையும்போது தப்பா வரைஞ்சிட்டாங்க."

"திங்கட்கிழமை நீங்க மாட்டினது எது சார்?" என்றாள் பஞ்சு.

"அசல். இடது தோள் இருந்துச்சு. ஒத்துப் பார்த்துட்டு என் கையாலயே மாட்டினேன். அப்புறம் உங்க அண்ணன் மாத்திட்டார்."

"எங்கண்ணன் திங்கள்லேர்ந்து காய்ச்சல்ல படுத்திருந்தார். இன்னிக்குத்தான் வேலைக்கு வந்தார்."

"அப்ப இன்னிக்குக் காலைல மாத்தியிருப்பார்."

பஞ்சு தன் போனை எடுத்தாள். விரல் யாரோ ஒருத்தியுடையது மாதிரி இருந்தது.

மியூசியத்தின் முகநூல் பக்கம். செவ்வாய்க்கிழமை போட்ட போட்டோ. 'புதுப்பொலிவுடன் நம் ஓவியம்' என்ற தலைப்பு. படத்துக்கு முன்னால் காப்பாட்சியர், முப்பத்திரண்டு பல்லும் தெரிய. அவர் காதுக்குப் பக்கத்தில் மூன்றாவது ஆள்.

வலது தோளில் தண்டவாளம்.

இன்ஸ்பெக்டர் போட்டோவைப் பெரிதாக்கினார். சுவரைப் பார்த்தார். காப்பாட்சியரைப் பார்த்தார்.

"சிரிப்பு நல்லா வந்திருக்கு சார். செவ்வாய்க்கிழமையே இந்தப் படம்தான் இருந்திருக்கு. திங்கட்கிழமை எதை மாட்டினீங்க?"

காப்பாட்சியர் கேட்டலாக்கை மூடினார்.

"காலைல எட்டு மணிக்கு இந்தப் பெரியவர் நேரா கேக்கறேன்னு யாரைத் தேடி மாடி ஏறினார்? மேல உங்க ரூம் ஒண்ணுதானே இருக்கு?"

"தள்ளணும்னு தள்ளலை..." காப்பாட்சியர் பெஞ்சில் உட்கார்ந்தார். "போலீசுக்குப் போறேன்னு சொல்லிக் கையைப் பிடிச்சார். உதறினேன். அவ்வளவுதான். அவர் போவார்னு நினைக்கலை."

"படம்?"

"வித்துட்டேன். செவ்வாய்க்கிழமையே பார்சல் போயிடுச்சு. வெளிநாட்டுப் பார்ட்டி."

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். "அசல் போச்சா..."

"போகலை" என்றாள் பஞ்சு.

இருவரும் திரும்பினார்கள்.

அவள் சட்டத்தின் ஓரத்தைச் சுவரிலிருந்து கொஞ்சம் நகர்த்திக் காட்டினாள். துணியின் விளிம்பில் வரிசையாகத் துருப்பிடித்த பழைய ஆணித் துளைகள்.

"இதுதான் சார் அசல். துணி நைஞ்சு போயிருந்ததால பின்னால புதுத்துணி குடுத்து ஒட்டியிருக்கேன். அதனால பின்பக்கம் பார்த்தா ரெண்டும் புதுசு மாதிரிதான் இருக்கும்."

"அப்ப அந்தத் தோள்?"

"இந்த மூணாவது ஆள் இருக்கற இடத்துல படம் எப்பவோ கிழிஞ்சிருக்கு. அப்ப ஒட்டுப் போட்டவர் மேல சாயம் பூசி, தண்டவாளம் தூக்கறதைப் பத்தி எதுவும் தெரியாம, ஆளைத் தன் இஷ்டத்துக்கு வரைஞ்சிட்டார். நான் முதல்ல அதைப் பார்த்து அதே தப்போட நகல் எடுத்தேன். அப்புறம்தான் அசல்ல மேல்பூச்சை எடுத்தேன். அடியில வலது தோள் இருந்துச்சு. முதல்ல வரைஞ்சவர் சரியாத்தான் வரைஞ்சிருக்கார்."

காப்பாட்சியர் வாயைப் பிளந்தார்.

"என்கிட்ட சொல்லவே இல்லையே!"

"எது அசல்னு நீங்க கேக்கவே இல்லையே. எல்லாத்தையும் ரிப்போர்ட்ல எழுதியிருந்தேன். இன்னிக்குக் கொண்டு வர்றதா இருந்தேன்."

"அப்ப நான் வித்தது..."

"நான் வரைஞ்சதை. ஒரு கொலையும் பண்ணிட்டீங்க."

பஞ்சு படத்துக்கு முன்னால் நின்றாள். அண்ணனிடமும் அவள் சொல்லவில்லை. அதுதான் விஷயம். காய்ச்சல் விட்டு வேலைக்கு வரும் நாளில் அவர் கையைப் பிடித்து இழுத்து வந்து இங்கே நிறுத்த வேண்டும், 'உன் ஆளு பிழைச்சிட்டான் பாரு' என்று காட்ட வேண்டும், அவர் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும் என்று பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். பத்து மணிக்கு வருவதாக இருந்தாள். அவர் ஏழே முக்காலுக்கே பார்த்துவிட்டார். போனை எடுத்திருந்தால் ஒரே வார்த்தையில் முடிந்திருக்கும். அவள் எடுக்கவில்லை.

மூன்றாவது ஆள் நடந்துகொண்டிருந்தான். இனி அவனுக்கு ஒன்றும் ஆகாது.

"அண்ணே" என்றாள் மெதுவாக. அதற்குமேல் வரவில்லை. கண்ணில் மட்டும் தண்ணீர் வந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் பெல்ட்டிலிருந்து விலங்கை எடுத்து, பெஞ்சிலிருந்தவரின் முன்னால் நீட்டினார்.

"கையைக் குடுங்க சார். காப்பாட்சியர்ங்கறீங்க, கையில ஒரு காப்புகூட இல்லாம இருக்கீங்களே!"