இலை தின்னும் வகை

புழுக்கள் எவ்வளவு தின்கின்றன என்று பார்க்க ஆறு வாரம் ஓடையில் கட்டிவைத்திருந்த இலைப்பை, போட்டது போட்டபடி முழுசாகத் திரும்பி வந்திருந்தது.

ஆய்வக உதவியாளர் வலைப்பையைத் தட்டில் கொட்டி, இடுக்கியால் இலைகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள். ஒன்றில்கூடக் கடித்த தடம் இல்லை. காலையில்தான் பறித்துப் போட்டவை போலப் பளபளத்தன. அவற்றுக்கிடையே இருந்த இளம்புழுக்களோ, விருந்துக்குப் போய்விட்டு பெல்ட்டைத் தளர்த்திக்கொண்ட பெரிய மனிதர்களைப் போலக் கொழுத்து, அசைய மனமில்லாமல் கிடந்தன.

இலையைத் தொடவில்லை. அப்படியானால் எதைத் தின்று இந்தக் கொழுப்பு?

துறைத்தலைவரிடம் கேட்கக்கூடாத கேள்வி அது. ஓடையின் சிற்றுயிர்களை அவர் நான்காகப் பிரித்து, அந்தப் பட்டியலைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்: இலையைக் கிழித்துத் தின்பவை, கல்லில் படிந்த பாசியைச் சுரண்டுபவை, மிதந்து வருவதைச் சலித்து உண்பவை, பிற உயிரைப் பிடித்துத் தின்பவை. அதன் கீழே அவருடைய படம், ஓடையை வெட்டி விட்டதே தான்தான் என்பது போன்ற முகத்தோடு. “புழுவோட வாயைப் பாருங்க, வகையை எழுதுங்க. வயித்தைக் கிழிச்சுப் பாக்குறதெல்லாம் படிப்பு மேல நம்பிக்கை இல்லாதவன் பண்ற வேலை” என்பார். அவர் கடைசியாக ஓடையை நேரில் பார்த்தது அந்தப் படம் எடுத்த அன்று. அவளும் மூன்று மாதமாக வாயை மட்டும் பார்த்து, ‘இலை தின்னும் வகை’ என்று எழுதி வந்தாள்.

ஓடையில் இறங்குவது அவள் கணவன். பை கட்டுவதும் அவிழ்ப்பதும் அவன் பொறுப்பு. வாரத்தில் மூன்று நாள், முழங்கால் ஆழத்தில், மணிக்கணக்கில். அவனுடைய ரப்பர் பூட்ஸ் ஓட்டை விழுந்து வெகுநாளாயிற்று. புதிது கேட்டு எழுதிய மூன்று விண்ணப்பங்களும் பரிசீலனையில் சுகமாகத் தூங்கின. பொறுக்க மாட்டாமல் அவளே நீலக் கம்பளி நூலில் முழங்கால் வரை தடித்த காலுறை பின்னிக் கொடுத்தாள். கொஞ்ச நாளாக அதை அவன் படுக்கையில்கூடக் கழற்றுவதில்லை.

வெளியே மழை மாலையை முன்கூட்டியே இருட்டாக்கிக்கொண்டிருந்தது. சரிவின் கீழிருந்து ஈர மண்ணின் வாடையோடும் ஊறிய மரத்தின் புளிப்போடும் ஏறி வந்த ஓடையின் சத்தம், நாள் முழுக்கக் கேட்டுப் பழகிய அதே சலசலப்புதான் என்றாலும், இன்று அதற்குள் வேறொன்று, எண்ணற்ற சின்ன வாய்கள் அவசரமில்லாமல் மெல்லுவது போன்ற ஒரு முணுமுணுப்பு, ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் ஒரு புழுவின் வயிற்றைக் கீறினாள். உள்ளிருந்ததைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி மைக்ராஸ்கோப்பில் வைத்தாள்.

நீல நூலிழை.

அதன் பக்கத்தில் மெல்லிய தோல் துணுக்கு. ஒரு முடி.

இன்னொரு புழு. நீலம். தோல். இன்னொன்று. தோல், தோல்.

ஜன்னலை அடித்துத் திறந்து, கீழே ஓடையில் நின்ற கணவனைக் கூப்பிட்டாள். “என்னங்க! மேல வாங்க!”

“இன்னும் நாலு பை இருக்கும்மா!”

“பை கிடக்கட்டும், வாங்க!”

“ஏன், தலைவர் நேர்ல வந்துட்டாரா? அப்ப நான் தண்ணியிலயே இருந்துக்கிறேன்!”

“விளையாடாதீங்க! இப்பவே வாங்க!”

படியில் காலடி கேட்டது. பூட்ஸுக்குள் நீர் தளும்பும் சத்தம். ஏதோ நிறையத் தளும்பியது. மழைக்கோட்டின் தொப்பி முகத்தை மூடியிருக்க, அவன் வந்து ஜன்னலுக்கு முன்னாலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தான்.

“பூட்ஸைக் கழட்டுங்க.”

“தரையெல்லாம் சேறாயிடும். அப்புறம் நீதான் கத்துவ.”

“கால் வலிக்குதா?”

“வலியா? முன்னல்லாம் எலும்பு வரைக்கும் குளிரும். இப்ப ஒண்ணுமே தெரியல. பழகிடுச்சு போல.”

அவள் மண்டியிட்டு பூட்ஸை இழுத்தாள். உடனே வந்துவிட்டது. அவ்வளவு சுலபமாக வந்திருக்கக்கூடாது.

காலுறையில் முழங்காலைச் சுற்றிய வளையம் மட்டுமே மிச்சம். அதற்குக் கீழே தோல் இல்லை. சதை இல்லை. ஒரு சொட்டு ரத்தமும் இல்லை. வெள்ளை எலும்பைச் சுற்றி, கால் வடிவம் கொஞ்சமும் குலையாமல், நரம்புகளின் மெல்லிய பின்னல். அதன் ஊடாகத் தரை தெரிந்தது. கண்ணிகளுக்குள் புழுக்கள். வரிசையாக. சுத்தமாக வேலை செய்துகொண்டு.

மேலே ஏறிக்கொண்டு.

“என்னம்மா அப்படிப் பாக்குற? நல்லாத்தானே இருக்கு.”

அவன் கால்விரல்களை ஆட்டிக் காட்டினான். பின்னல் நடுங்கியது.

அவள் பூட்ஸைப் போட்டுவிட்டுக் கையூன்றிப் பின்னால் நகர்ந்தாள்.

“பயந்தாங்கொள்ளி” என்று அவன் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுச் சிரித்தான். அவனுக்குப் பின்னாலிருந்த ஜன்னலின் கடைசி வெளிச்சம், கட்டம் கட்டமாக, அவன் கன்னத்தின் வழியே வந்தது.