கருங்கல் தூசி

விடாமல் மழை பெய்துகொண்டிருந்த காலை. குடையை மடக்கியபடி கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

பல மாடிக் கட்டடம் அது. கீழ்த்தளத்து வரவேற்பு மேசை அவளுடையது. மேசைக்கு முன்னால் விரிந்திருந்த பளிங்குத் தரையில் பாதியைக் கயிறு கட்டி மறித்திருந்தார்கள். இரண்டு பேர் பெரிய மெஷினை உருட்ட, அரைத்த மாவு போலச் சாம்பல் நிறத் தண்ணீர் ஓடியது. அதை அவள் பெரிதாக எண்ணவில்லை. ஆனால் லிஃப்ட் பக்கத்துத் தூணடியில் ஒருவன் குந்தியிருந்தான். தூணைச் சுற்றியிருந்த கருங்கல் பட்டையைக் கைமெஷினால் தேய்த்துக்கொண்டிருந்தான். சொட்டுத் தண்ணீர் இல்லாமல்... காய்ந்த கல்லை. புகை போல எழுந்த தூசியில் அவன் முடி, புருவம், இமை எல்லாம் வெள்ளை.

வெள்ளை இமைகள்...

அவள் கயிற்றைத் தாண்டினாள். ஈரத் தரையில் செருப்புத் தடம் பதியப் பதிய நடந்துபோய், சுவரிலிருந்த ப்ளக்கைப் பிடுங்கினாள்.

“யாருய்யா அது?” என்று திரும்பினான் அவன். “மேடம்! என்ன பண்றீங்க?”

“நீங்க என்ன பண்றீங்க?”

“வேலை பண்றேன்.”

“தண்ணி விடாமலா?”

“லிஃப்ட் பக்கம் தண்ணி போகக் கூடாதுன்னு மேனேஜர் சொல்லியிருக்காரு.”

“அதுக்காக, தூசிய நீங்க குடிங்கன்னும் சொன்னாரா?”

அவன் மூக்கை மூடியிருந்த துணியைத் தொட்டுக் காட்டினான். “இதோ, கைக்குட்டை கட்டியிருக்கேனே!”

“கைக்குட்டை...” என்றாள். 

சண்டைக்குத் தயாராக எழுந்தவன் அப்போதுதான் அந்தக் கண்களைப் பார்த்தான். பெரிய கண்கள். கோபத்தில் விரிந்து, நீரில் மின்னி, அழக் கூடாது என்று அவசர அவசரமாகச் சிமிட்டிக்கொண்டிருந்தன. நாலு வார்த்தை திட்ட வாயெடுத்தவன் மெஷினைக் கீழே வைத்தான். நான் தூசி தின்றால் இவளுக்கு ஏன் கண் கலங்க வேண்டும்...?

“நீங்க நடந்த இடத்தை மறுபடி தேய்க்கணும்” என்று மட்டும் முணுமுணுத்தான்.

“தாராளமா தேய்ங்க. மூக்க ஒழுங்கா மூடிக்கிட்டுத் தேய்ங்க!”

மறுநாள் அவள் மேசைக்கு முன்னால் ஒரு பூதம் வந்து நின்றது. கன்னத்துக்கு இரு பக்கமும் வட்ட வடிகட்டி வைத்த ரப்பர் முகமூடி. கையில் அதே மெஷின். அதிலிருந்து ஒரு தடித்த குழாய் தூசி உறிஞ்சும் டப்பாவுக்குப் போயிருந்தது.

“ம்ம்ஃப் ம்ம்ம் ம்ஃப்?”

“என்னது?”

“ம்ம்ஃப்!”

“அதைக் கழட்டிட்டுப் பேசுங்க.”

கழற்றினான். “இப்ப சரியான்னு கேட்டேன். கழட்டினா ப்ளக்கைப் பிடுங்கிடுவீங்களோன்னுதான் பயம்.”

சிரித்துவிடக் கூடாதே என்று உதட்டைக் கடித்தாள். முடியவில்லை.

கூட வேலை செய்கிறவர்கள் அவனைக் ‘கண்ணாடி’ என்றுதான் கூப்பிட்டார்கள். தேய்த்து முடித்த தரையில் முகம் பார்த்துத் தலை வாருவானாம்! அதைச் சொன்னபோது அவன் மறுக்கவும் இல்லை. மழைக்காலம் முழுக்க அந்தக் கட்டடத்தில் அவனுக்கு வேலை இருந்தது. மதிய இடைவேளைகளில் மேசையருகே வந்து நிற்க ஏதாவது ஒரு காரணம் கிடைத்துக்கொண்டே இருந்தது. ஒருநாள் டார்ச்சைத் தரையோடு சாய்த்துப் பிடித்து, மங்கிப்போன திட்டுகளைக் காட்டினான்.

“யாரோ பாத்ரூம் ஆசிட்டை ஊத்தித் துடைச்சிருக்காங்க. அழுக்கோட சேர்த்து கல்லோட தோலும் போயிடுச்சு. பளிங்குக்குப் புளிப்பே ஆகாது மேடம். எலுமிச்சை ஜூஸ் சிந்தினாக்கூட தழும்புதான்.”

“இனிமே தேறுமா?”

“தேறும். சொரசொரப்பான தேய்ப்பு வட்டுல ஆரம்பிச்சு மெல்ல மெல்ல மிருதுவான வட்டுக்குப் போகணும். அவசரப்பட்டு நடுவுல ஒண்ணை விட்டுட்டா, அந்தப் பளபளப்புக்குள்ளயே கீறல் தெரியும்.”

‘அவசரப்படாத மனுஷன்’ என்று நினைத்தாள். நினைத்ததற்குத் தானே வெட்கப்பட்டாள்.

ஒரு மாலை. வாசல் கூரைக்கடியில் மழை விடக் காத்திருந்தார்கள். மங்கிய வெளிச்சத்தில் மழை நூல் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது.

“அன்னைக்கு ஏன் கண் கலங்கினீங்க?” என்று கேட்டான்.

அவள் மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “அப்பாவுக்கும் கல் வேலைதான். சமையல் மேடைக்கு, மாடிப்படிக்கு கருங்கல் அறுப்பாரு. வீட்டுக்கு வந்தா வாசல்லயே நிறுத்தி அம்மா சட்டையை உதறுவாங்க. தூசி பறக்கும். நான் ‘பவுடர் அப்பா’ன்னு கூப்பிட்டுச் சிரிப்பேன்...”

“அப்புறம்?”

“அப்புறம் இருமல். படுத்தா மூச்சு முட்டும். கடைசி வரைக்கும் உக்காந்தேதான் தூங்கினாரு. அம்மா அவர் முதுகைத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டு... அவங்களும் உக்காந்தே தூங்கினாங்க.”

அவன் கையை நீட்டி மழையின் வேகத்தைப் பார்த்தான். பிறகு, “குடை இருக்கா?” என்றான்.

“இருக்கு.”

“இருந்தாலும் பஸ் ஸ்டாப் வரைக்கும் வரேனே...”

ஒரே குடை. இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு தோள் நனைந்தது.

அம்மாவிடம் எப்படித் தொடங்குவது என்று பல நாள் தவித்துவிட்டு, ஒருவழியாக அவனைப் பற்றிச் சொன்னாள். அம்மா தையல் மெஷினை மிதிப்பதை நிறுத்தினாள்.

“கல்லு வேலையா?”

“ஆமாம்மா. ஆனா தண்ணி விட்டு, முகமூடி போட்டு...”

“கல்லு வேலையா?” அம்மாவின் குரல் உயரவே இல்லை. “ஒருத்தரை உக்கார வச்சே வழியனுப்பினவ நான். இன்னொருத்தனை உன் கையில பிடிச்சுக் குடுக்க மாட்டேன்.” மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

அவளுக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. மறுநாள் அவனிடம் போய் நின்றாள்.

“இந்தக் கட்டடத்துக்கு மேற்பார்வையாளர் வேணுமாம். மேனேஜர்கிட்ட உங்களைப் பத்திப் பேசிட்டேன். சட்டை கசங்காத வேலை.”

“என்னைக் கேக்காமயேவா?”

“அம்மா சம்மதிக்கணும்னா...”

“எனக்குன்னு இருக்கறது இந்த ஒரு வேலைதான் மேடம். அதை விட்டுட்டு உங்க வீட்டு வாசல்ல வந்து நிக்கறவன் நானா இருக்க மாட்டேன்.”

“உயிரைவிட வேலை பெருசா?”

அவன் முகம் சட்டென்று வெளுத்தது. “நான் சாகப் போறவன்னே முடிவு பண்ணிட்டீங்களா?” என்று கத்திவிட்டான். கூடத்தில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். 

சில நாட்களில் வேலை முடிந்தது. குழாய்களைச் சுருட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனான். தரை அத்தனை பளபளப்பாக இருந்தது! கதவும் விளக்குகளும் வெளியே பெய்த மழையும் அதில் தலைகீழாகத் தெரிந்தன. வந்தவர்கள் எல்லாம் குனிந்து பார்த்து வியந்தார்கள். அவள் மட்டும் தலை நிமிர்த்தியே நடந்தாள். குனிந்தால் தன் முகம் தெரியும்.

மழைக்காலம் ஓய்ந்தது. வீட்டில் தட்டில் வைத்தது வைத்தபடி இருக்கும். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் ஒரு மாலை அவள் வீடு திரும்பியபோது தையல் மெஷின் மூடிக் கிடந்தது. இருட்டும் நேரத்தில் அம்மா கால் வலியோடு வந்து சேர்ந்தாள்.

“எங்கம்மா போயிட்டு வரே?”

“உன் கண்ணாடியைப் பாக்கத்தான். உங்க வாட்ச்மேன்கிட்ட இடத்தை விசாரிச்சேன். பெரிய துணிக்கடை. படிக்கட்டு முழுக்கக் கருங்கல்லு. ஒரு நாற்காலி போடச் சொல்லி உக்காந்துட்டேன். யாருங்கன்னு கேட்டான். பொண்ணோட அம்மான்னேன். கையில இருந்ததைக் காலு மேல போட்டுக்கிட்டான்.”

“அம்மா!”

“வேலையைப் பாருப்பான்னேன். சாயங்காலம் வரைக்கும் நானும் பாத்துக்கிட்டே இருந்தேன். கைப்பிடிச் சுவர்ல விரலை வச்சுத் தேய்ச்சுப் பாத்தேன். போறப்ப, உன் சட்டையைக் கழட்டி உதறுன்னேன்.”

“உதறினாரா? என்னம்மா வந்துச்சு?”

“தண்ணிதான் சொட்டிச்சு.”

அம்மா கொஞ்ச நேரம் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஆனா சின்ன வயசுல ரொம்ப நாள் காஞ்ச கல்லுதான் தேய்ச்சானாம். நான் கேட்டதும் சொல்லிட்டான், மறைக்கல. நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துப் பாத்தியாப்பான்னேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டான். நாளைக்குக் காலையில பெரியாஸ்பத்திரிக்குப் போறேன்னு சொல்லியிருக்கான்.”

“தனியாவா போறாரு?”

“அதை என்னைக் கேட்டா? நாளைக்கு நீ லீவு சொல்லு.”

“உனக்குப் பயம் போயிடுச்சாம்மா?”

“அது எங்க போகும்? அது பாட்டுக்கு என்கூட இருந்துட்டுப் போகட்டும். உன் மூஞ்சியைத்தான் பாக்க சகிக்கல.”

ஆஸ்பத்திரி வராந்தாவில் கடைசி பெஞ்சில் அவன் உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டதும் தடுமாறி எழுந்தான். எக்ஸ்ரே எடுத்தாயிற்றாம். டாக்டர் கூப்பிட வேண்டும். பெஞ்சின் இந்த முனையில் அவள்... அந்த முனையில் அவன்.

“அன்னைக்குக் கத்தினேனே...” என்று அவன்தான் தொடங்கினான். “வேலைக்காகக் கத்தல. உங்கப்பாவைப் பத்தி நீங்க சொன்ன நாள்லேர்ந்து, படி ஏறும்போதெல்லாம் என் மூச்சையே கவனிச்சுக்கிட்டு இருந்தேன். வெளியே சொல்லப் பயம். நீங்க வாய்விட்டுக் கேட்டதும் தாங்க முடியல.”

“இப்பவும் பயமா இருக்கா?”

“ரொம்ப. உள்ள ஏதாவது இருந்துச்சுன்னா... நீங்க போயிடணும். உங்கம்மா பட்டதை நீங்க படக் கூடாது.”

அவள் எழுந்து வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“கூப்பிடறதுக்குள்ள ஒண்ணு சொல்லணும். அப்புறம் சொன்னா, ரிப்போர்ட்டைப் பாத்துச் சொன்ன மாதிரி ஆயிடும்.”  நிறுத்தி, மூச்சை இழுத்துக்கொண்டாள். “எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. உள்ள சுத்தமா இருந்தாலும் சரி, இல்லேன்னாலும் சரி. வேலையை விடச் சொல்ல மாட்டேன். என்னைப் போகச் சொல்லாதீங்க.”

அவன் தன் கைகளைப் பார்த்தான். தண்ணீரில் ஊறி ஊறி வெடித்த கைகள். அவற்றில் ஒன்றின் மேல் அவள் தன் கையை வைத்தாள்.

“எனக்கு... முதல் நாளே...” என்றான். முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“தெரியும்.”

கதவு திறந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்தாள். “உள்ள வாங்க. கூட யாராவது வந்திருக்கீங்களா?”

“நான் வந்திருக்கேன்” என்று எழுந்தாள்.

டாக்டரம்மா படத்தை விளக்கொளியில் பிடித்து, மூலை மூலையாகப் பார்த்தார். 

“இப்போதைக்குப் படத்துல ஒண்ணும் தெரியல” என்றார் கடைசியில். “ஆனா கல் தூசியால வர்றது வருஷக்கணக்கா ஒளிஞ்சிருந்து வர்ற வியாதி. தொழிலை விடறதா இல்லேன்னா, வருஷா வருஷம் வந்து காட்டணும். நல்லாத்தானே இருக்கோம்னு விட்டுடக் கூடாது. வருவீங்களா?”

அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்:

“வருவோம் டாக்டர்.”