சூத்திரத்தில் இல்லாத கோடு

அந்தக் கோடு துள்ளியிருக்கவே கூடாது.

சுபாஷிணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். டெல்லி மயூர் விஹாரில் பாதி எழும்பி நிற்கும் அடுக்குமாடிக் கட்டடம். கதவுகூட மாட்டாத அதன் தரைத்தளக் கூடத்தில், தூண்களுக்கு நடுவே லேப்டாப்போடு அவள் மட்டும். கட்டடத்தின் அதிர்வு எப்படித் தேய்ந்து அடங்கும் என்று காட்டும் படம் அது. அளவீடு எதுவும் அதில் இல்லை. அவள் கொடுத்த சூத்திரத்தை மென்பொருள் வரைந்தது, அவ்வளவுதான். வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டிய கோடு, முடிகிற இடத்தில் மூன்று முறை துள்ளியிருந்தது.

மறுபடி வரையச் சொன்னாள். இப்போது நான்கு.

வெளியே மாலை மூடுபனி கூடத்துக்குள்ளும் புகுந்து, தூண்களின் அடியை நக்கிக்கொண்டிருந்தது. காற்று மாசென்று ஒரு வாரமாகக் கட்டட வேலைக்குத் தடை. ஆள் யாரும் இல்லை. ஆனாலும் எங்கிருந்தோ ஈரச் சிமென்ட் வாசனை, அப்போதுதான் குழைத்த மாதிரி.

போன் அடித்தது. அந்தக் கட்டடத்தைக் கட்டும், அவள் வேலை பார்க்கும் கம்பெனியின் முதலாளி ஜோதிலிங்கம்.

"சுபா, ரிப்போர்ட் ஜல்தி வேணும்மா, இன்னிக்கே."

"படத்துல என்னவோ துள்ளுது சார். சூத்திரத்துல அப்படி எதுவுமே இல்லை."

"அச்சா, அதை எடுத்துடு. வரைஞ்சு முடிச்ச படத்தைத் திருத்தறது உனக்குப் பெரிய வேலையா?"

பெரிய வேலையில்லைதான். வரைந்த படம் மென்பொருளுக்கு வெறும் புள்ளிகளும் கோடுகளும். ஒரே கட்டளையில் நிறத்தை மாற்றலாம், தடிமனாக்கலாம், வேண்டாத புள்ளியைத் தூக்கி எறியலாம். சோதித்துப் பார்ப்போமென்று துள்ளல்களை நீக்கினாள். கோடு சமமாகப் படுத்தது.

டொம்.

காலடியில். தரைக்கும் கீழே. மறுபடி டொம். படத்தில் இருந்த அதே இடைவெளி.

நீக்கியதைத் திரும்பக் கொண்டுவந்தாள். சத்தம் நின்றது.

தரைக்கடியில் தோண்டிய கீழ்த்தளம், போன வருஷம் மண் சரிந்தபோது கான்கிரீட் கொட்டி மூடப்பட்டது. வேலையாட்கள் எல்லோரும் பத்திரமாக ஏறி வந்துவிட்டார்கள் என்று கம்பெனி அறிக்கையில் எழுதியிருந்தார்கள். போனில் ஜோதிலிங்கத்தின் மூச்சு இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

"சார், கீழ்த்தளத்துல என்ன இருக்கு?"

"யாரும் இல்லை."

"யாருன்னு நான் கேக்கலையே சார். என்னன்னுதானே கேட்டேன்?"

அவர் குரல் தாழ்ந்தது: "எடுத்துட்டு வீட்டுக்குப் போம்மா. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அந்த 'நல்லதுக்கு' என்ற சொல் கசந்தது.

"எடுக்க மாட்டேன் சார்."

போனை வைத்தாள். கட்டளை எழுதினாள். துள்ளல்கள் மட்டும் சிவப்பு. தடிமன் போதாது, இன்னும். அவற்றை நோக்கி ஓர் அம்புக்குறி. அதன் அருகில் எழுதினாள்: 'கீழே ஆட்கள் இருக்கிறார்கள்.' மாநகராட்சிக்கு, போலீசுக்கு, அந்த வீடுகளுக்கு முன்பணம் கட்டிய அத்தனை குடும்பங்களுக்கும் அனுப்பினாள்.

படம் தானாகவே மீண்டும் வரையப்பட்டது. துள்ளல்கள் பத்து. இருபது. எண்ண முடியவில்லை.

ஓடலாம். வாசல் எதிரேதான்.

எழுந்தாள். ஓடவில்லை.

"அனுப்பிட்டேன்," என்றாள் தரையைப் பார்த்து. மறுபடி, உரக்க: "அனுப்பிட்டேன்! கேக்குதா?"

வாசனை மூக்கை அடைத்தது. பக்கத்துத் தூணில் மெல்லிய ஈரம். சிமென்ட் மாவுபோல் இளகியது. உள்ளிருந்து ஐந்து விரல் நுனிகள் புடைத்தன. பக்கத்தில் இன்னும் ஐந்து.

அதற்கு மேலே ஒரு முகம். வாய் திறந்திருந்தது. வாய் நிறையக் கான்கிரீட்.

அவள் மெதுவாகத் திரும்பினாள்.

எல்லாத் தூண்களிலும்.