ஏழுமலை மாட்டிய இன்டர்கூலர்

வெள்ளிக்கிழமை, காலை 5.40.

டாக்குரியா ஸ்டேஷனுக்குப் பின்னால் உள்ள சந்தில் முழங்கால் அளவு தண்ணீர். பாதி மழை, பாதி சாக்கடை. பால் போட வந்தவரின் காலில் முதலில் நசுங்கிய அலுமினிய ஹாண்டி, மீன் பானை, இடறியது. அடுத்து ஒரு கை.

முதல் ரயிலில் கானிங்கிலிருந்து மீன் கொண்டுவரும் மாலதி நஸ்கர் குப்புறக் கிடந்தாள். ஏதோ வண்டி இடித்ததில் இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஆனால் அவள் செத்தது அதனால் அல்ல. நெஞ்சுக்குள் சாக்கடை நீர். யாராவது தூக்கி உட்கார வைத்திருந்தால் பிழைத்திருப்பாள் என்றார் டாக்டர்.

சனிக்கிழமை, காலை 11.10.

இன்ஷூரன்ஸ் சர்வேயர் ஷியாமளா சந்துக்குள் நுழைந்தபோது தண்ணீர் வடிந்திருந்தது; நாற்றம் வடியவில்லை. புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு கடைசி கராஜுக்குப் போனாள். வாசலில் சப்-இன்ஸ்பெக்டர் நரேன் எதையோ எழுதி முடித்துக்கொண்டிருந்தார்.

"மாலதியை இடித்த வண்டியைத் தேடி, இந்தச் சந்தில் வண்டி வைத்திருக்கிற எல்லாரையும் விசாரிக்கிறேன், தீதி," என்றார் வங்காளத்தில். "இந்த வண்டி புதன்கிழமையிலிருந்து பிரித்துப் போடப்பட்டிருந்ததாம். மெக்கானிக்கும் அப்படித்தான் சொல்கிறார்."

ஜெயந்த் உள்ளேயிருந்து வந்தான். முப்பத்திரண்டு வயது, வசதிக்காரர்கள் வாழும் லேக் கார்டன்ஸில் வீடு, பந்தயத்துக்காகத் தயாராகும் டர்போ கார். மாலதி செத்த இடம் அவன் வாசலிலிருந்து இருநூறு அடி.

"பாருங்கோ மேடம், இன்ஜினே போயிடுத்து. இவன் வேலை." மூலையில் நின்ற மெக்கானிக் ஏழுமலையை நோக்கி விரல் நீண்டது. "வாட்டர் இன்டர்கூலர் மாட்டினான். கசிஞ்சு, தண்ணி சிலிண்டருக்குள்ள போய், பிஸ்டன் ராடு வளைஞ்சுடுத்து."

டர்போ அழுத்தும் காற்று கொதிக்கும். அதை ஆறவைத்துத்தான் இன்ஜினுக்குள் விட வேண்டும். இன்டர்கூலரின் வேலை அது. அதற்கு இரண்டு வழி. ஒன்று, பம்பருக்குப் பின்னால் பெரிய சீப்பு மாதிரி நின்று எதிர்காற்றில் ஆறுவது. மற்றது, இன்ஜின் பக்கத்திலேயே சிறிதாக உட்கார்ந்து, பம்ப் சுற்றிவிடும் தண்ணீரில் ஆறுவது. எது நல்லது என்று ஜெயந்தும் ஏழுமலையும் ஒரு மாதமாக மல்லுக்கட்டியிருந்தார்கள்.

"நான் காத்து டைப்பே போதும்னுதாம்மா சொன்னேன்," என்றான் ஏழுமலை. ஆரணிக்காரன், கண்கள் சிவந்திருந்தன. "எடை கம்மி, கசியறதுக்கு ஒண்ணுமில்ல. ஊர் டிராஃபிக்ல நின்னா காத்து வராது, தண்ணிதான் வேணும்னு சார் சொல்லிக்கினே இருந்தாரு. நேத்து காலைல எட்டு மணிக்கு போன் பண்ணி, உடனே மாட்டுன்னாரு."

"நீ வந்தப்போ பழசு வண்டியில இருந்ததா?" என்று கேட்டாள் ஷியாமளா.

"இல்லம்மா. பம்பர், பழைய கூலர் எல்லாம் சாரே கழட்டி வெச்சுட்டாரு. பழசை நான் பாக்கவேயில்ல."

"புதன்கிழமை கழட்டினதை நீ பார்த்தியா?"

"சார் சொன்னாரு. சாயங்காலம் மாட்டி முடிச்சேன். சார் ஸ்டார்ட் பண்ணாரு, டொக்குனு நின்னுபோச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "இருவது வருச வேலைம்மா. இப்படி ஒரு தப்பு பண்ணதில்ல."

ஜெயந்த் சிரித்தான். "அழுதா ஆச்சா? இவன் லைசென்ஸ் இல்லாத மெக்கானிக்னு ரிப்போர்ட்ல போட்டுக்கோங்கோ."

ஷியாமளா இன்ஜினைக் குனிந்து பார்த்தாள்.

"மழைத் தண்ணி உள்ள வந்ததா?"

"சான்ஸே இல்ல. தரை ரெண்டடி உசரம். ஒரு சொட்டு ஏறாது."

இன்டர்கூலருக்கான சின்னத் தொட்டியின் மூடியைத் திறந்தாள். ரோஜா நிறக் கூலண்ட் திரவம், மேல் கோடு வரை.

"எவ்வளவு ஊத்தினே?"

"அந்தக் கோடு வரைக்கும்மா."

"அப்புறம் யாராவது சேர்த்தீங்களா?"

"யாரும் தொடலம்மா."

"இவன் பொய் சொல்றான்," என்றான் ஜெயந்த் வேகமாக. "பயந்துண்டு மறுபடி ஊத்தியிருப்பான்."

"இருக்கலாம். ஸ்பார்க் பிளக்கைக் கழட்டு, ஏழுமலை."

பிளக் இருந்த துளை வழியே சிலிண்டருக்குள் மெல்லிய குழாயை விட்டு உறிஞ்சி, வந்ததைக் கண்ணாடிக் குப்பியில் விட்டாள். முகத்தருகே கொண்டுபோனதும் சட்டென்று விலக்கினாள். வெளியே சந்தில் மூக்கைப் பொத்த வைத்த அதே நாற்றம்.

பகல் 12.05.

அவள் கூப்பிட்டதும் நரேன் திரும்பி வந்தார்.

"கசிந்தது இன்டர்கூலராக இருந்தால் இன்ஜினுக்குள் ரோஜா நிறம் இருக்க வேண்டும்," என்றாள் ஷியாமளா. "இருப்பது கறுப்புச் சேறு. தரையோ உயரம், வெள்ளம் ஏறவில்லை, இவரே சொன்னார். அப்படியானால் வண்டிதான் வெள்ளத்துக்குள் போயிருக்கிறது. ஏழுமலை வருவதற்கு முன்பே இன்ஜின் செத்துவிட்டது."

ஜெயந்தின் முகம் வெளுத்தது. "வெள்ளத்துல ஓட்டினா குத்தமா?"

"இல்லை. ஓட்டவேயில்லைன்னு போலீஸ்ல சொன்னதுதான் கேள்வி. அவசரமா வாட்டர் டைப்புக்கு மாறினது ஏன்? வண்டியில முதல்ல அடி வாங்கறது முன்னால நிக்கற காத்து கூலர். அதைக் கழட்ட ஒரு காரணம் வேணும், தண்ணி போன இன்ஜினுக்குப் பழி சுமக்க ஒரு ஆள் வேணும். ஒரே பொருள்ல ரெண்டையும் முடிச்சுட்டீங்கோ. மாலதியை இடிச்சது நீங்கதான், ஜெயந்த். பழைய கூலர் எங்கே?"

அவன் பார்வை அலமாரிக்குப் போனது. அலமாரியின் மேல் தட்டில் டேப் ஒட்டிய அட்டைப்பெட்டி இருந்தது. பூனாவிலுள்ள யாரோ ஒருவரின் முகவரி, கூரியருக்குத் தயார். நரேன் கத்தியால் கிழித்தார்.

முன்புறத் தகடுகள் வளைவாக உள்ளடங்கியிருந்தன, ஹாண்டியின் விளிம்பு பதிந்த மாதிரி. இடுக்குகளில் மீன் செதில்கள் காய்ந்து மின்னின. நரேன் அதைத் தொடாமல் கைக்குட்டையை எடுத்து வாயை மூடிக்கொண்டார்.

"இதை விக்கவா பேக் பண்ணீங்கோ?"

"ஜப்பான் பீஸ், மேடம்," என்றான் ஜெயந்த், தலை குனிந்து. "தூக்கிப்போட மனசு வரல."

ஏழுமலை ஒரு காலி டிரம்மின் மேல் உட்கார்ந்தான். "அந்தம்மாவ... உசிரோட பாத்தீங்களா சார்?"

"சத்தம் கேட்டது. கைய ஆட்டினா. இன்ஜின் இருமிண்டிருந்தது, நிறுத்தினா திரும்ப ஸ்டார்ட் ஆகாதுன்னு..."

அந்த இருநூறு அடியை அவன் ஒரு இன்ஜினைக் காப்பாற்ற ஓட்டியிருக்கிறான். அதுவும் வாசலில் வந்து செத்துவிட்டது. ஷியாமளா குப்பியை இறுக மூடி நரேனிடம் கொடுத்தாள்.

ஜீப்பில் ஏறும்போது ஜெயந்த் திரும்பினான். "மேடம், கிளெய்ம் மொத்தமா ரிஜெக்ட் ஆயிடுமா?"

ஷியாமளா குழாயடிக்குப் போய் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள். பிறகு ஏழுமலையிடம் வந்தாள்.

"நீ மாட்டினது ஒரு சொட்டுக்கூடக் கசியல. அதை ரிப்போர்ட்ல எழுதறேன்."

அவன் தலையாட்டினான். சந்தோஷப்படவில்லை. கருவிப் பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு நரேனைப் பார்த்தான்.

"சார், அந்தம்மா வூட்ல இருந்து பாடிய வாங்க யாராவது வந்துட்டாங்களா? ஆள் இல்லன்னா சொல்லுங்க. நான் தூக்கறேன்."