ஒத்திகைக்கு வந்தவர்கள்

“அதான் டீச்சர் செல்லுறேன். சிங்களத்துல பேசக்குள்ள எக்கோ வந்துச்சி. இங்கிலீஷ்லயும் வந்துச்சி. தமிழ்ல பேசக்குள்ளதான் வரல்ல.”

“மைக்ல ஏதாவது கோளாறா இருக்கும்.”

“மூணுக்கும் ஒரே மைக்தானே?”

நஸீப் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் குந்தியிருந்து வயரைத் தடவிப் பார்த்தான். கட்டுகஸ்தோட்டையிலிருந்து வேனில் சாமான்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவன். கல்யாணம், கலைவிழா, கூட்டம் என்று அவன் ஒலி அமைக்காத மண்டபம் கண்டியில் இல்லை.

“வெறும் மண்டபத்துல கொரல் செவுத்துல பட்டுத் திரும்பும் டீச்சர். ஆக்கள் நெறஞ்சிட்டா உடுப்பும் ஒடம்பும் சத்தத்த உறிஞ்சிரும். இப்ப கேட்டது ஆக்கள் நெறஞ்ச சத்தம்.” பிறகு அவனே சிரித்தான். “தமிழாக்கள் மட்டும் ஒரு நாள் முந்தியே வந்து குந்திட்டாங்க போல.”

“நம்ம ஆளுங்க எந்த விழாவுக்கு நேரத்துக்கு வந்திருக்காங்க, ஒரு நாள் முந்தி வர்றதுக்கு?” என்று நிஷாந்தியும் சிரித்தாள். சிரிப்பு உதட்டை விட்டு வெளியே போனதும் அப்படியே நின்றுவிட்டது. அதுவும் திரும்பி வரவில்லை.

மேடையிலிருந்து பார்த்தால் நூற்றிருபது கதிரைகள், வெள்ளைத் துணி போர்த்தி, முதுகில் நீல நாடா கட்டி, பத்து வரிசையாக நின்றன. காலையில் கயிறு பிடித்து நேராக்கியது அவள்தான். வரிசைக்கொரு முடிச்சுப் போட்ட அந்தக் கயிறு இன்னும் நடுப்பாதையோரம் தரையில் நீளமாகக் கிடந்தது. மூன்றாவது வரிசை ஓரத்தில் அவளுடைய மகள் நதா, பாடசாலைச் சீருடையோடு, மடியில் கொப்பியை வைத்துப் படம் கீறிக்கொண்டிருந்தாள். நதாவின் அப்பா கொழும்பில் வேலை. பிள்ளையை விட்டுவர வீட்டில் யாருமில்லை.

கண்டி வாவிக்கு மேலே, மரங்களுக்கு நடுவில் இருந்த அந்தக் கட்டடத்தில் ஒரு காலத்தில் தேயிலைத் தோட்டத் துரைமார் மாதமொருமுறை கூடுவார்களாம். பிறகு அது களஞ்சியமாக இருந்தது, பிறகு வௌவால்களுக்கு விடப்பட்டது. போன வருடம் கூரையை மாற்றி, பலகைத் தரைக்கு மெருகு போட்டு, விழாக்களுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். வெளி விறாந்தைத் தூண்களில் தோள் உயரத்துக்கு மட்டும் கல் வழவழவென்று தேய்ந்திருந்தது. சாய்ந்து நின்றவர்களின் தடம் என்று காலையில் மண்டபத்துக்குக் காவலிருக்கும் வாட்சர் சொன்னார். தோட்டத்திலிருந்து முறையிட வந்த சனம் அங்கேதான் காத்து நிற்குமாம். எவ்வளவு மழையென்றாலும் உள்ளே வரச் சொல்ல மாட்டார்களாம்.

நாளைக் காலை ஓர் ஆசிரியர் சங்கத்தின் ஆண்டு விழா. புதுப்பித்த பிறகு இங்கே நடக்கும் முதல் தமிழ் நிகழ்ச்சி. மூன்று மொழியிலும் அறிவிப்பது நிஷாந்தி. முன்பொரு தடவை பிரதம விருந்தினரின் பெயரிலேயே நாக்குப் பிசகிச் சபை சிரித்ததிலிருந்து, வெறும் மண்டபத்தில் நிகழ்ச்சி நிரலை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரு சொல் விடாமல் வாசித்துப் பார்ப்பது அவள் வழக்கம்.

“தமிழ முழுசா ஒருக்கா வாசிக்கிறேன் நஸீப். நீங்க கேட்டுப் பாருங்க.”

வெளியே வானம் இருண்டு வந்தது. மணி நான்குகூட ஆகவில்லை. கூரையில் ஓடிக்கொண்டிருந்த குரங்குகள் எங்கோ போய்விட்டிருந்தன. அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“இம்மண்டபத்தில் கூடியிருக்கும் அனைவரையும் அன்புடன் வரவேற்கிறோம். எம்மை விட்டுப் பிரிந்தவர்களை நினைவுகூர்ந்து, ஒரு நிமிட மௌன அஞ்சலிக்காக அனைவரும் எழுந்து நிற்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.”

நதா கொப்பியை வைத்துவிட்டு எழுந்து நின்றாள். பாடசாலைக் காலைக் கூட்டத்தில் நிற்பதுபோலக் கைகளை உடம்போடு ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டு. நிஷாந்திக்குச் சிரிப்பு வந்தது.

அப்போது மழை தொடங்கிய சத்தம் கேட்டது, தூரத்திலிருந்து நெருங்கி வருவதுபோல, தடதடவென்று, மண்டபத்தின் பின்பக்கத்திலிருந்து முன்னால் வரை. ஆனால் யன்னலுக்கு வெளியே இலைகள் அசையவில்லை. சத்தம் வந்தது பலகைத் தரையிலிருந்து.

உடனே கரண்ட் போனது. அதற்குப் பிறகுதான் உண்மையான மழை வந்தது, ஒரே கொட்டாக.

“இந்த மழைக்கு இதே தொல்லைதான்” என்றான் நஸீப். “வாட்சர்ட்ட செல்லி ஜெனரேட்டரப் போட்டுட்டு வாறேன். அஞ்சு நிமிஷம் டீச்சர்.” பையொன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினான். பெரிய கதவு அவன் பின்னால் மெதுவாக, யாரோ பிடித்துச் சாத்துவதுபோல, சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

முதலில் மணம் வந்தது. தரை மெருகின் மணத்துக்குக் கீழேயிருந்து இன்னொன்று கசிந்து ஏறியது. ஈரக் கம்பளி. மழையில் ஊறி, அடுப்பங்கரையில் தொங்கவிட்ட கம்பளி. அதோடு வெற்றிலை, கையில் ஒட்டிக் காய்ந்த கொழுந்துச் சாறு. மடுல்கெல்லத் தோட்டத்து லயத்தில், மலையில் கொழுந்து பறித்துவிட்டு அம்மா வந்து வாசலில் நிற்கும்போது வருகிற மணம். அம்மா இறந்து ஒன்பது வருடம். அந்த மணம் இப்போது ஒருவருடையதாக இல்லை. மண்டபம் நிறைய இருந்தது.

அவள் கண் கயிற்றில் விழுந்தது. கதிரைகளின் கால்கள் முடிச்சுகளுக்கு நேரே இல்லை. ஒவ்வொன்றும் ஒரு சாண் பின்னால் நகர்ந்திருந்தது. எல்லா வரிசையிலும். ஆள் எழுந்து நின்றால் கதிரை நகருமே, அந்த அளவுக்கு.

நதா இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.

“நதா. போதும்மா, உட்காரு.”

“நீங்க இன்னும் சொல்லல்லியே.” குழந்தை கண்ணைத் திறக்காமல் கிசுகிசுத்தது.

“இப்பதான் சொல்றேனே.”

“எனக்கு மட்டும் சொன்னீங்க. எல்லாருக்கும் சொல்லணுமாம். அவங்களுக்குக் கால் வலிக்குதாம்.”

“யாரு சொன்னது?”

“ஷ்ஷ்.” நதா தலையை மட்டும் பக்கத்துக் கதிரையின் பக்கமாகச் சாய்த்தாள். “மௌனமா நிக்கணும்மா.”

நிஷாந்தி மேடையின் படியில் ஒரு கால் வைத்தாள். கீழே, முதல் வரிசைக்கு முன்னால், காற்று தடிப்பாக இருந்தது. சூடாக இருந்தது. நெருக்கியடித்து நிற்கும் சனத்துக்குள் முகம் புதைந்ததுபோல. எங்கோ ஒரு பழைய இருமல். அடக்கிக்கொண்ட இருமல். அவள் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

கதவைப் பார்த்தாள். நஸீப் இல்லை. மழைதான்.

கையிலிருந்த தாளில் அடுத்த வரி இருந்தது. கரண்ட் போனதால் வாசிக்காமல் விட்ட வரி. அதைச் சொன்னால் போதும். அவர்கள் உட்கார்ந்துவிடுவார்கள். பிள்ளையும் உட்காரும். பிறகு ஓடிப்போய்த் தூக்கிக்கொள்ளலாம். அவள் செத்துக் கிடந்த மைக்கை வாய்க்குக் கொண்டுபோனாள்.

“நன்றி. அனைவரும்... தயவுசெய்து அமருங்கள்.”

குரல் திரும்பி வரவில்லை.

பிறகு ஒரு கிறீச். கடைசி வரிசையில். ஒரு கதிரையின் வெள்ளைத் துணி நடுவில் குழிந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று. பன்னிரண்டு. அடுத்த வரிசை. துணிகள் மெல்ல அமுங்கின. நாடாக்கள் பின்னால் சாய்ந்து இறுகின. யாரோ களைப்போடு நீளமாக மூச்சு விட்டார்கள். ஏழாவது வரிசை. ஆறாவது.

அவள் ஓட நினைத்தாள். படிக்குக் கீழே அதே தடித்த சூடு வழிமறித்தது.

ஐந்து.

நான்கு.

மூன்றாவது வரிசையில் நதாவின் கதிரை குழிந்தது. நதா அதில் உட்காரவில்லை. அவள் இன்னும் அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

பிறகு அவள் கால்கள் தரையை விட்டு எழும்பின.

மெதுவாக. கக்கத்தில் கைகொடுத்துத் தூக்குவதுபோல. நதா உட்கார்ந்தாள். கதிரையில் அல்ல. கதிரைக்கு மேலே, ஒரு சாண் உயரத்தில், வெறும் காற்றில். சப்பாத்துகள் இரண்டும் தொங்கி ஆடின. அவளுக்கும் குழிந்த வெள்ளைத் துணிக்கும் நடுவில் ஒன்றுமில்லை. அந்த இடைவெளி வழியாகப் பின் வரிசை தெரிந்தது.

அவளுடைய ஒற்றைப் பின்னல் தானாக எழுந்து, முன்னால் வந்து, தோளின்மேல் பக்குவமாக வைக்கப்பட்டது. சீருடையில் ஈரம் பரவியது, இடுப்பைச் சுற்றி, இரண்டு கைகளின் அகலத்துக்கு.

நதா கண்ணைத் திறந்தாள். அவள் பயப்படவில்லை. சாய்ந்துகொண்டாள்.

மண்டபம் முழுவதும் நிஷாந்தியைப் பார்த்தபடி, அவள் அடுத்துச் சொல்வதைச் செய்யக் காத்திருந்தது.

“நதா...” மைக் கையிலிருந்து நழுவி விழுந்தது. சத்தம் கேட்கவில்லை. “நதா, கண்ணு, இறங்கி அம்மாகிட்ட வாம்மா...”