நாற்காலி இழுக்கும் ரீல்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கிடர்பூர் பழைய சாமான் கடையில் வாங்கிய பிலிம் டப்பாவோடு மகாதேவன் பாலிகஞ்ச் வீட்டுக்கு வந்தார். பேசாத படக் காலத்து வெள்ளைக்காரன் காமெடி. பத்து நிமிஷம் ஓடும். வீட்டில் ஒரு பழைய ப்ரொஜக்டர், சுவரில் வெள்ளை வேட்டி. அந்தத் துறைமுக ஆபீஸ் குமாஸ்தாவுக்கு அதுதான் தியேட்டர்.

அடுத்தவன் விழுந்தால் போதும், மனுஷன் கண்ணில் நீர் வரச் சிரிப்பார். படத்தில் விழுந்தாலும் சரி, நேரில் விழுந்தாலும் சரி. "தலையில பல்லி!" என்று கத்தி மனைவி தமயந்தியை அலற வைப்பது தினப்படி விளையாட்டு. பத்து வருஷமாகப் புலி வருது, புலி வருது என்று கேட்டு அவளுக்குக் காது மரத்துப்போயிருந்தது.

போன வருஷம், தொண்ணூற்றாறில், ஆபீஸில் சக குமாஸ்தா செல்வராஜ் உட்காரப் போனபோது பின்னாலிருந்து நாற்காலியை இழுத்ததும் இதே மகானுபாவர்தான். முதுகெலும்பு முறிந்து, மூன்று மாசம் ஆஸ்பத்திரியில் கிடந்து செத்தான் அந்த அப்பாவி. 'தானே வழுக்கி விழுந்தான்' என்று எல்லோரிடமும் சாதித்துவிட்டார். தமயந்தியிடமும் அதே கதைதான். சாவு வீட்டில்கூட, அவன் விழுந்த விதத்தை நினைத்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், பாவி!

தமயந்திக்கு இப்போது எட்டு மாசம். இரண்டு கலைந்து, மூன்றாவதாகத் தங்கிய கரு. 'சின்னதாகத் தடுக்கினால்கூட ஆபத்து' என்று வங்காளி டாக்டரம்மா எச்சரித்திருந்தாள்.

ஜன்னல்களைச் சாத்தினார். தெருமுனைப் பூஜைப் பந்தல் மேளம் மங்கியது. சூடான பல்பில் தூசி கருகும் வாசனை. வேட்டித் திரையில் ஒரு குண்டன் உட்காரப் போனான். ஒல்லியன் ஒருத்தன் நாற்காலியை இழுத்தான். பொத்தென்று விழுந்தான் குண்டன். தமயந்தியும் சிரித்தாள்.

படம் முடிந்ததும் பல்பை அணைக்காமலே ரீலைப் பின்னோக்கி ஓட்டுவது மகாதேவன் வழக்கம். விழுந்தவன் எழுந்து நாற்காலியில் ஒட்டிக்கொள்வதில் அவருக்கு இன்னொரு ரவுண்டு சிரிப்பு.

குண்டன் எழுந்தான்.

எழும்போதே இளைத்தான். அரைக்கைச் சட்டை. பையில் இரண்டு பேனா.

"ஏன்னா, இது உங்க ஆபீஸ் செல்வராஜ் இல்லையோ?"

நாற்காலிக்குப் பின்னால் நின்றவன் இப்போது ஒல்லியன் இல்லை. மகாதேவனேதான்.

சுவிட்சை அணைத்தார். ப்ளக்கைப் பிடுங்கினார்.

ரீல் நிற்கவில்லை.

தமயந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "நீங்கதான் இழுத்தேளா?"

திரையில் செல்வராஜ் எழுந்து, அவர்களைப் பார்த்து நடந்து வந்தான். முகம் பெரிதாகி, திரை முழுக்க நிறைந்து, காணாமல் போனது. வெறும் வெளிச்சம்.

அறையில் ஆஸ்பத்திரி டெட்டால் வாசனை.

தமயந்தியின் பின்னாலிருந்த நாற்காலி மெல்ல நகர்ந்தது. அந்தப் படத்தில் போலவே, சத்தமே இல்லாமல்.

"உக்காராதே தமயந்தி! பின்னால நாற்காலி இல்லே!"

"ஒரு மனுஷன் செத்திருக்கான். இன்னுமா உங்களுக்கு விளையாட்டு?" கண்ணீரோடு சொன்னாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

உட்கார்ந்தாள்.

குழந்தை அன்றைக்கே போய்விட்டது. மூன்றாம் நாள் அவளும் போனாள். "நான் இழுக்கலே!" என்று மகாதேவன் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். வாழ்க்கையில் முதல் தடவையாக உண்மை சொன்னார். அவள் வீட்டார் ஒருத்தரும் நம்பவில்லை.

ஏழு வருஷமாகிறது. ஞாயிறுதோறும் அதே ரீலைத்தான் ஓட்டுகிறார். அதில் இப்போது விழுவது தமயந்தி. பின்னோக்கி ஓட்டினால் அவள் எழுகிறாள். நிறைவயிற்றோடு நாற்காலியில் அமர்ந்து அவரைப் பார்க்கிறாள். அந்த ஒரு நொடிக்காகத்தான் அவர் உயிரை வைத்திருக்கிறார்.

அவர் தொடாமலே மிஷின் முன்னோக்கி ஓடத் தொடங்குகிறது. அவள் மறுபடி விழுகிறாள்.

அப்போதெல்லாம் அவருக்குப் பின்னால், காலி நாற்காலியில், யாரோ வயிறு வலிக்கச் சிரிக்கிறார்கள்.