மிச்சம் பிடித்தவர்கள்

டயாலிசிஸ் பிரிவின் கதவுக்கு முன் நின்று ஜெசிந்தா நீளமாக மூச்சை விட்டாள். அதிலிருந்த ஈரத்தை உறிஞ்சிக்கொண்ட பிறகே கதவு திறந்தது. செவ்வாய்க் குடியிருப்பில் பிறந்தவளுக்கு அது வாசலில் செருப்பைக் கழற்றிவிடுவது மாதிரி.

அங்கே தண்ணீரைப் பங்கிட்டது பகிர்மூளை என்ற கணினி. பனிப்பாளத்திலிருந்து எவ்வளவு கிடைக்கும், யாருக்கு எவ்வளவு வேண்டியிருக்கும் என்று ஆண்டுக்கொருமுறை கணித்து அளந்துவிடும். மூச்சுக்காற்றுக்கு முதலிடம், மருத்துவத்துக்கு இரண்டாமிடம், சுரங்கத்துக்குக் கடைசி. சிபாரிசுக்கு இடம் கொடுக்கக்கூடாதென்று அதன்மேல் மனிதர் கை படாமல் வைத்திருந்தார்கள்.

செந்தூசு பலருடைய சிறுநீரகத்தைத் தின்றுகொண்டிருந்தது. படுக்கைக்குக் காத்திருந்தவர்களில் சுரங்கத் தொழிலாளி இருளப்பனும் ஒருவர். தலைமைச் செவிலியான ஜெசிந்தா, இயந்திரங்களைக் கழுவிய நீரையே வடிகட்டித் திரும்பப் பயன்படுத்தி, மூன்றில் ஒரு பங்கை மிச்சம் பிடித்தாள். புதுப் படுக்கை போட ஆண்டுத் தொடக்கத்தில்தான் அனுமதி. அப்போது அவருக்கு நிச்சயம் இடம் உண்டென்று வாக்குக் கொடுத்தாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ சொன்னா சரிம்மா" என்றார்.

புதிய பங்கீடு வந்தது. அவள் பிரிவுக்கு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. சுரங்கத்துக்குக் கூடியிருந்தது.

திட்ட அதிகாரி மாசிலாமணியிடம் போய் நின்றாள். மருத்துவத்துக்கு இரண்டாமிடம் என்றது என்னவாயிற்று என்று கேட்டாள்.

"தேவைக்குத்தான் இடம், சிஸ்டர். உங்க தேவை குறைஞ்சிட்டுதுன்னு நீங்களே காட்டிட்டீங்க."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். சுரங்கத்தார் ஆண்டு முடிவில் மிஞ்சியதைத் திறந்து வெளியே விட்டுவிடுவார்கள். பற்றவில்லை போலிருக்கிறது என்று பகிர்மூளை எடுத்துக்கொள்ளும். பூமியிலும் அந்தக் காலத்து அலுவலகங்களில் மார்ச் மாதம் வந்தால், மீதிப் பணத்துக்கெல்லாம் நாற்காலி வாங்கிப் போடுவார்களாம்.

இருளப்பன் அந்த ஆண்டைத் தாண்டவில்லை.

ஆண்டுக் கடைசியில் ஜெசிந்தா, மிச்சம் பிடித்த தண்ணீர் நின்ற தொட்டியின் வெளிச்சுவர்க் குழாய்த் திருகைப் பிடித்தாள். திறந்தாள். மெல்லிய காற்றில் பாய்ந்த தண்ணீர் கொதித்து ஆவியானது. மிச்சம் உறைந்து செம்மண்ணில் உப்பைப்போலப் படிந்தது. செவிலி இயந்திரன் பக்கத்தில் வந்து, இதை எந்தக் கணக்கில் பதிவது என்று பணிவாகக் கேட்டது. இருளப்பனை எடுத்துப்போன அன்று அழாதவள் இப்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தேவைன்னு போட்டுக்கோ" என்றாள்.

அடுத்த பங்கீட்டில் பழைய அளவும் கிடைத்தது, அதற்கு மேலும் கிடைத்தது. காத்திருந்தவர்களுக்கெல்லாம் படுக்கை வந்தது. சுரங்கத்தின் பங்கு இந்த முறையாவது குறைந்திருக்கும் என்று நினைத்து மாசிலாமணியைக் கேட்டாள். அவர் இல்லையென்று தலையசைத்தார்.

"பள்ளிக்கூடத்துக்குத்தான் குறைச்சிருக்கு, சிஸ்டர். உங்க பிரிவைப் பார்த்துப் பிள்ளைங்களும் போன வருஷம் குளிக்கிற தண்ணியை மிச்சம் பிடிச்சாங்களாம்."